மில்லில் பகல் காட்சி

இருபத்தேழு வருஷமாக நோரீனும் அவள் புருஷன் ரஸ்ஸும் அக்டோபர் மாதத்தில் காசு கொடுத்துப் பயப்படுகிற ஒரு பேய் வீட்டையும் விட்டுவைத்ததில்லை. பென்சில்வேனியா பக்கம் மூடிக்கிடக்கிற சுரங்கம், ஆஸ்பத்திரி, சிறைச்சாலை என்று எங்கே சாயரத்தம் ஊற்றி டிக்கெட் கிழித்தாலும் வரிசையில் இவர்கள் நிற்பார்கள். ரஸ் லாரி ஓட்டியவன், ஆறடி ஆள். மூலையிலிருந்து முகமூடிக்காரன் எவனாவது பாய்ந்தால் பெண்டாட்டி முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். வெளியே வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான்.

இரண்டு வருஷமாக அவனுக்கு மறதி நோய். அறுபதுகூட ஆகவில்லை. பேச்சு ஒவ்வொரு சொல்லாக உதிர்ந்து, கடைசியில் அவள் பெயரும் நின்றுபோனது. போன வாரம் காரில் போகும்போது சாலையோரத் தட்டியில் பழைய துணி மில்லின் பேய் வீட்டு விளம்பரம். அதைப் பார்த்து ரஸ் வாய் திறந்தான்.

"இங்க போலாமா, நோரீன்?"

அவளுக்கு அது போதும். கூட்டம் குறைவாக இருக்கும் என்று சனிக்கிழமை பகல் காட்சிக்கு டிக்கெட் வாங்கினாள்.

வாசலில் இருந்தவன் காகிதத்தை நீட்டினான். "நெஞ்சு வலி, வலிப்பு, வேற எதாவது உடம்புக்கு உண்டா?"

"ரெண்டு பேருக்குமே ஒண்ணுமில்ல."

சொன்னால் உள்ளே விடமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

"தாங்க முடியலன்னா ரெண்டு கையையும் நெஞ்சுக்குக் குறுக்க வைங்கம்மா. எங்க ஆளுங்க வெளிய கூட்டிட்டு வந்துருவாங்க."

முதல் அறையில் சவப்பெட்டி திறந்தது. ரஸ் அலறிக்கொண்டு அவள் பின்னால் ஒளிந்து, பிடரியில் மூச்சு விட்டுச் சிரித்தான். அதே பழைய சிரிப்பு. நோரீன் இருட்டில் யாருக்கும் தெரியாமல் அழுதாள். மூன்றாவது அறையில் விளக்குகள் மொத்தமாக அணைந்தன. திரும்ப எரிந்தபோது அவள் பிடித்திருந்த கை இல்லை.

"ரஸ்? ரஸ், எங்க இருக்க?"

முன்னும் பின்னும் ஓடினாள். ஒலிபெருக்கியில் அலறிய ரம்பச் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. பின்னால் வந்த கல்லூரிப் பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"ஆன்ட்டி, செமையா பண்றீங்க. அழுகை அப்படியே நெசம் மாதிரியே இருக்கு."

"நான் நடிக்கலப்பா. என் புருஷனக் காணோம். உடம்பு சரியில்லாதவரு."

"பாத்தியா, என்ன சொன்னாலும் விட்டுக்குடுக்க மாட்டேங்குறாங்க."

சிரித்துக்கொண்டே தாண்டிப் போனார்கள். நோரீன் இரண்டு கைகளையும் நெஞ்சுக்குக் குறுக்கே வைத்தாள். பிணவேஷக்காரன் ஒருவன் வந்து தோளைத் தொடாமல் பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிட்டான். ரஸ் பெயரைச் சொல்லி அவள் கெஞ்சியதை அவன் பயத்தில் உளறுவதாக எடுத்துக்கொண்டான்.

"மூச்ச நல்லா இழுத்து விடுங்கம்மா. வெளிய தண்ணி இருக்கு."

கதவு சாத்திக்கொண்டது. வெளியே நல்ல வெயில். கதவுக்கு இந்தப் பக்கம் கைப்பிடியே இல்லை. கை சிவக்கத் தட்டினாள். பிறகு கட்டடத்தைச் சுற்றி வாசலுக்கு ஓடினாள். தலை கலைந்து, ஒரு கால் செருப்பில்லாமல் கத்திக்கொண்டு வந்தவளைப் பார்த்து வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். நாலைந்து போன்கள் அவள் பக்கம் திரும்பின.

வாசல்காரனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முகம் வெளுத்தது.

"உங்கள நேராக் கேட்டேனேம்மா." வாக்கி டாக்கியை எடுத்தான். "எல்லா லைட்டையும் போடுங்க. சத்தத்த நிறுத்துங்க."

வெள்ளை வெளிச்சத்தில் உள்ளே ஒட்டுப்பலகையும் பெயின்ட் டப்பாவும்தான் தெரிந்தன. பேய்கள் முகமூடியைக் கழற்றிக்கொண்டு அறை அறையாகத் தேடின. கடைசியில் கசாப்பு அறையில் கண்டுபிடித்தார்கள். பிளாஸ்டிக் தலைகள் அடுக்கிய மேசை முன்னால் ரஸ் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில், சாயரத்தம் தோய்ந்த ஏப்ரனோடு, கசாப்புக்காரி வேஷம் போட்ட லோரெட்டா. மற்ற நாளில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள்.

"அவரா வந்து உக்காந்தாரு. ஒடம்பெல்லாம் நடுங்குச்சு. அதான் கையப் புடிச்சுக்கிட்டேன்," என்றாள்.

"ரஸ்," என்று நோரீன் கிட்டே போனாள்.

அவன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். "யாரு இது? இவள வர விடாதீங்க."

"நான்தான்டா. நோரீன்."

ரஸ் கத்தினான். இத்தனை வருஷத்தில் அவன் போட்ட எந்தக் கத்தலும் இப்படி இருந்ததில்லை. லோரெட்டாவின் ஏப்ரனில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். சுற்றி நின்ற பேய்கள் தரையைப் பார்த்தன.

லோரெட்டா கூட வந்தால்தான் காரில் ஏறுவேன் என்றான். பின்சீட்டில், ஏப்ரனைக் கழற்றாமலே ஏறிய அவள் கையைப் பிடித்தபடி வந்தான். கண்ணாடியில் நோரீனின் கண் தெரிந்தபோதெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டான். வீட்டில் சோபாவில் உட்கார வைத்து லோரெட்டாவே பாதி சூப்பை ஊட்டிவிட்டு எழுந்தாள்.

"அஞ்சு மணிக்கு அடுத்த காட்சிம்மா. என்னைக் கூட்டிட்டுப் போக ஆள் வந்துட்டாங்க. நான் போயே ஆகணும்."

"இன்னும் அரை மணி நேரம் இருக்க முடியாதா? உங்களக் கும்பிட்டுக் கேக்குறேன்."

"இருக்கலாம். அதுக்கப்புறம் என்ன செய்வீங்க?"

நோரீன் அவள் இடுப்பு முடிச்சைப் பார்த்தாள். பிறகு, "அந்த ஏப்ரனக் குடுத்துட்டுப் போறீங்களா? அங்க வேற இருக்குமில்ல?" என்றாள்.

லோரெட்டா முடிச்சை அவிழ்த்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

நோரீன் அடுப்படியில் நின்று அதைக் கட்டிக்கொண்டாள். விறைப்பாக இருந்தது, ரப்பர் நாற்றம் அடித்தது. சூப்புக் கிண்ணத்தோடு போய் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள். முகத்தைக் காட்டாமல் கீழே குனிந்துகொண்டாள்.

ரஸ் ஏப்ரனையே வெகுநேரம் பார்த்தான். பிறகு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.

"கார் ஓட்டுன அந்தப் பொம்பள போயிட்டாளா?" என்று கிசுகிசுத்தான்.

"போயிட்டா," என்றாள் நோரீன். "வாயத் திற."