செவ்வாய்க்கிழமை வயிற்று வலி

காரிமங்கலம் சாலையில் இருக்கும் அந்தச் சட்டைக் கம்பெனியில் சனிக்கிழமை பத்து மணி என்றால் ரிவ்யூ. கண்ணாடி அறைக்குள் நீள மேசை, சுற்றிலும் ஒன்பது நாற்காலிகள். புரொடக்ஷன், குவாலிட்டி, கட்டிங், கணக்கு என்று ஆளுக்கு ஒன்று. ஒன்பதாவதில் எம்.டி. பூவரசன் தன் லேப்டாப் பையை வைப்பார். அந்தப் பையைப் பார்த்துக் கோகிலவாணி பொறாமைப்பட்டிருக்கிறாள். சொல்ல வெட்கம்தான், ஆனால் உண்மை.

அவள் அங்கே ஹெச்.ஆர். பதினோரு வருடமாக நின்றபடியே வருகை விவரத்தைப் படித்துவிட்டு, வெளியே வந்து டீ அனுப்பி வைப்பாள். பஸ், கேண்டீன், ஆயுத பூஜைக்குப் பொரி வாங்குவது, இதெல்லாம் அவள் பொறுப்பு. தையல் பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் லீவு மேடம். சேலத்தில் எம்.பி.ஏ. படித்தபோது, தொழிலின் வெற்றியில் மனிதவளத் துறையும் ஒரு பங்காளி என்று இருபத்துநான்கு பக்கம் எழுதி முதல் மார்க் வாங்கியவள். நம் ஊரில் வரப்புத் தகராறுக்காவது பங்காளியைக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். இவளுக்கு அந்த மரியாதைகூட இல்லை.

அந்த ஒன்பதாவது நாற்காலியில் ஒரு தடவை உட்கார வேண்டும். "நீங்க என்ன நெனைக்கறீங்க?" என்று யாராவது கேட்க வேண்டும். இந்த ஆசையை அவள் வெளியே சொன்னதில்லை. ஏரியூரில் தனியாக இருக்கும் அம்மா ஜானகியம்மாளிடம் மட்டும் எப்போதோ போனில் சொல்லியிருந்தாள். "உக்காரச் சொல்லாட்டி போறாங்க, நீ எப்ப வர்ற?" என்றாள் அம்மா. "அடுத்த வாரம்மா" என்றாள் இவள். ஷிப்மென்ட் சமயத்தில் ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனி ஓடும். அந்த அடுத்த வாரம் நாலு மாதமாக வரவில்லை.

இந்த லட்சணத்தில்தான் செவ்வாய்க்கிழமைத் தலைவலி வந்து சேர்ந்தது. தலைவலி கம்பெனிக்கு, வயிற்று வலி பெண்களுக்கு. செவ்வாய்க்கிழமை மட்டும் நூற்றுக்கு இருபது பேர் வருவதில்லை. லீவுச் சீட்டில் எல்லோரும் ஒரே காரணத்தைத்தான் எழுதியிருந்தார்கள். எம்.டி. திங்கட்கிழமைச் சாம்பாரைச் சந்தேகப்பட்டார். கேண்டீன் மாஸ்டரை இரண்டு தடவை மாற்றினார்கள். தண்ணீரை டெஸ்டுக்கு அனுப்பினார்கள். தண்ணீர் நன்றாக இருந்தது, சாம்பார்கூட முன்னைவிட நன்றாக இருந்தது. வலி மட்டும் நிற்கவில்லை.

"ரெண்டு மாசம் பாப்பேன். செவ்வாய்க்கெழம சரியாகலைன்னா புதுசா போடற தையல் லைனை வேற ஊருக்குக் கொண்டுட்டுப் போறேன்" என்றார் எம்.டி. "ஹெச்.ஆர். என்னதான் பண்றாங்க?"

கேள்வியைப் புரொடக்ஷன் மேனேஜர் நஞ்சப்பனிடம் கேட்டார். ஹெச்.ஆர். நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தது.

அன்றைக்கு அவளுக்கு ரோசம் வந்துவிட்டது. மூன்று வருடத்துச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தாள். வலி வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கல்யாணமானவர்கள், வெளியூரிலிருந்து வாழ வந்தவர்கள். செவ்வாய்க்கிழமை காரிமங்கலத்தில் சந்தை. அடுத்த செவ்வாய் அவளே சந்தைக்குப் போனாள்.

கோழி விற்கும் பக்கம் தாண்டி ஒரு புளியமரம். அதன் நிழலில் பாதி தையல் லைன் உட்கார்ந்திருந்தது. காலர் தைக்கும் செல்லி ஒரு வயதான அம்மாளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்க, அந்த அம்மாள் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். மடியில் போண்டாப் பொட்டலம். கோகிலவாணியைப் பார்த்ததும் செல்லி பாதிப் பின்னலோடு எழுந்துவிட்டாள்.

"வயித்து வலின்னு எழுதிக் குடுத்துட்டு இங்க போண்டா தின்னுக்கிட்டு இருக்கியே, செல்லி?"

செல்லி முந்தானையில் கையைத் துடைத்தாள். "பொய் எழுதலைங்க மேடம். யாரு வயிறுன்னு நீங்க கேக்கலை. பெத்த வயிறு வலிக்குதுங்க. கட்டிக் குடுத்து ஆறு வருசமாச்சு. ஞாயித்துக்கெழம மாமியா வூட்டுக் காட்டுல வேலை. எங்கம்மா பாலக்கோட்டுப் பக்கத்துல இருந்து கோழி விக்கறன்னு சொல்லிட்டு வரும். நான் கம்பெனிக்குன்னு சொல்லிட்டு வருவேன். இங்க பாத்துக்கிட்டாத்தாங்க உண்டு."

"அதையே எழுதி லீவு கேக்கறதுதானே?"

"எப்படிங்க எழுதறது? அம்மாவப் பாக்கணும்னா லைன்ல சிரிப்பாங்க. நீ என்ன பால்வாடிக் கொழந்தையான்னு சூப்பர்வைசர் கேப்பாரு. வயித்து வலின்னா யாரும் ஒண்ணும் கேக்கறதில்லைங்க." குரலைத் தாழ்த்தினாள். "எம் பேரைச் சொல்லிராதீங்க மேடம்."

"மேடத்துக்கு ஒரு போண்டா குடு" என்றாள் அந்த அம்மாள். கோகிலவாணி வாங்கித் தின்றாள். அந்த அம்மாளின் கையைப் பார்த்தபோது ஏரியூர் ஞாபகம் வந்தது.

சனிக்கிழமை அவள் வருகை விவரத்தைப் படித்துவிட்டு வெளியே போகவில்லை. நின்றபடியே தன் திட்டத்தைச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை மட்டும் காலை ஆறு மணிக்கு ஷிப்டைத் தொடங்கி இரண்டு மணிக்கு முடிக்கலாம். கம்பெனி பஸ் சந்தை வழியாகப் போகட்டும், சந்தை சாயங்காலம் வரைக்கும் இருக்கும். வராதவர்கள் அத்தனை பேரும் வேலைக்கு வருவார்கள். அவர்கள் சந்தைக்கு வருவது பெற்றவளைப் பார்க்க. வயிற்று வலிக்கு மருந்துண்டு, இதற்குச் சாம்பாரை மாற்றிப் பிரயோஜனமில்லை.

எம்.டி. ஒன்பதாவது நாற்காலியிலிருந்து பையை எடுத்துத் தரையில் வைத்தார்.

"உக்காருங்க, கோகிலவாணி."

உட்கார்ந்தாள். பதினோரு வருடம் கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்த நாற்காலி. பஞ்சு ஒரு பக்கம் அமுங்கியிருந்தது. அதுகூட அவளுக்குப் பிடித்திருந்தது. அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள்.

"நல்ல ஐடியா. பண்ணிரலாம்" என்றார் எம்.டி. "ஆனா மூணு வருசமா பொய்க் காரணம் எழுதி ஏமாத்தியிருக்காங்க. அதை விட முடியாது. ஆளுக்கு ஒரு மெமோ. லிஸ்ட் குடுங்க. உங்ககிட்ட இதைச் சொன்னது யாரு?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் அபிப்பிராயத்துக்காக எட்டுப் பேர் காத்திருக்க வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டாள். காத்திருந்தார்கள், ஒரு பெயருக்காக.

"லிஸ்ட் இல்லைங்க சார்."

"லிஸ்ட் குடுக்காத ஹெச்.ஆரை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"தெரியலைங்க சார்" என்று எழுந்தாள். வெளியே வந்து வழக்கம்போல டீ அனுப்பினாள். எட்டு டீ.

மெமோ யாருக்கும் போகவில்லை, லிஸ்ட் இருந்தால்தானே. திட்டம் மட்டும் நஞ்சப்பன் கையெழுத்தில் நோட்டீஸ் போர்டுக்கு வந்தது. மூன்றாவது செவ்வாயே வருகை ஏறிவிட்டது. புது லைன் ஊரைவிட்டுப் போகவில்லை. ரிவ்யூவில் நஞ்சப்பனுக்குக் கைதட்டினார்கள், அந்தச் சத்தம் அவள் மேசை வரைக்கும் கேட்டது. லேப்டாப் பை பழைய இடத்துக்குப் போய்விட்டது. ஒரு ரெண்டு நிமிஷம் உட்கார்ந்ததோடு விட்டிருக்கலாம், மனசு. விடவில்லை. கண்ணாடி அறையைக் கடக்கும்போதெல்லாம் அவள் கண் அந்த நாற்காலிக்குத்தான் போயிற்று.

இப்போது செவ்வாய்க்கிழமை அவள் மேசையில் ஒரு லீவுச் சீட்டும் இல்லை. இரண்டு மணிக்கு பஸ் கிளம்பும்போது செல்லி ஜன்னலிலிருந்து கையசைத்தாள். பஸ் திரும்பும் வரை கோகிலவாணி நின்று பார்த்தாள். பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு சீட்டை எடுத்தாள். பெயர், துறை, அடுத்த செவ்வாயின் தேதி எல்லாம் எழுதினாள். காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. பதினோரு வருடத்தில் எத்தனை ஆயிரம் பேருடையதைப் படித்திருப்பாள்.

வயிற்று வலி என்று எழுதினாள்.

அவள் லீவுக்கு எம்.டி.தான் கையெழுத்துப் போட வேண்டும். பூவரசன் போனில் பேசிக்கொண்டே சீட்டை வாங்கினார், காரணத்தைப் படித்தார், கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.