மூன்றாவது ஜோடிக் கம்பி

என் கணவர் அன்புமணி பங்குனியில் இறந்தார். முப்பதாம் நாள் பூசைக்கு வந்த சனம் கிளம்பிய பிறகு, அவர் பொழுதுபோக்காக வைத்திருந்த ஹாம் ரேடியோவை மாலையில் போட்டேன். போட்ட உடனேயே அவர் கூப்பிட்டார்.

புள்ளியும் கோடுமாகத் தட்டும் மோர்ஸில்தான். லைசென்ஸில் அவருக்குக் கொடுத்திருந்த அழைப்புக்குறி, அவர் தட்டும் கை. கடைசிக் கோட்டை இழுத்துத் தட்டும் அந்தப் பழக்கத்துக்காக இருபது வருஷம் அவரோடு சண்டை போட்டவள் நான். எனக்கும் லைசென்ஸ் உண்டு. விரல்கள் ஜில்லிட்டுப் போயின.

அதன்பின் தினமும் ஆறு மணிக்குச் செட்டைப் போடுவேன். நான் வந்து உட்காரக் காத்திருந்தவர் மாதிரி ஒரே ஒரு தடவை கூப்பிடுவார். பிறகு வெறும் இரைச்சல். பதில் சொல்லவும் வழியில்லை. குஜிலியம்பாறையில் எங்கள் புன்செய்க் காட்டு நடுவே கம்பத்தில் நிற்கும் ஆண்டெனா கேட்பதற்கு மட்டும்தான். பயமாக இருந்தது. ஆனாலும் பகலெல்லாம் அந்த ஆறு மணிக்காகவே கிடந்தேன்.

காந்திகிராமத்து மணிமேகலையும் ஹாம் ரேடியோக்காரி. அவளிடம் சொன்னபோது, மனசு படுத்தும் பாடு என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நேரில் வந்து கேள் என்றேன். வந்து கேட்டவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. மறுநாள் காலை என் முகத்தைப் பார்க்காமல், "கம்பத்துல ஏறிப் பாத்துட்டு வாரேன்க்கா" என்றாள். நன்றாகப் பார் என்று ஏணியை எடுத்துக் கொடுத்தவள் நான்தான்.

வீட்டிலிருந்து கம்பம் வரை போவது இன்டர்நெட்டுக்கு இழுக்கும் சாதாரணக் கேபிள். உள்ளே நாலு ஜோடிக் கம்பி. ஒன்றில் சிக்னல் வீட்டுக்கு வரும். இன்னொன்றில் ஆண்டெனாவின் ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்ட் போகும். மற்ற இரண்டும் சும்மா கிடக்கின்றன என்று நினைத்திருந்தேன். மூன்றாவது ஜோடியின் முனையில் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி இருந்தது. செட்டைப் போட்டுக் கரண்ட் போனதும், அவர் தட்டிப் பதிந்து வைத்ததை ஒரு தடவை அனுப்பும். ஆண்டெனா வேலை செய்கிறதா என்று வீட்டிலிருந்தே தெரிந்துகொள்ள அவர் வைத்தது. பெட்டியின் மேல் அவர் கையெழுத்தில் தேதி, இறப்பதற்கு மூன்று நாள் முந்தியது. இப்படி ஏதோ இருக்கும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை, நான்தான் தோன்றவிடவில்லை.

"கழட்டிறவாக்கா?"

"கழட்டு" என்றேன், வீம்புக்கு.

அன்று மாலை இரைச்சல் மட்டும். பங்குனியில் அழாததையெல்லாம் அன்றுதான் அழுதேன்.

மறுநாள் நானே ஏறிப் பெட்டியை மாட்டினேன். செட்டைப் போட்டதும் அதே அழைப்புக்குறி, அதே இழுத்த கோடு. விரல் ஜில்லிடவில்லை. பயம் வராதா என்று அணைத்து அணைத்துப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் பெட்டிதான் கூப்பிட்டது.