கதவுக்குப் பிடித்த பாடம்

எங்கள் பள்ளியில் பாடம் சலிப்புத் தட்டினால் வகுப்பறைச் சாமான்கள் எழுந்து போய்விடும். முதலில் ஜன்னல்கள் போகும். பிறகு மின்விசிறி, கரும்பலகை. கதவு கடைசியாகத்தான் போகும். அது போய்விட்டால் அந்த இடத்தில் சுவர் வந்துவிடும். உள்ளே இருப்பவர்கள் உள்ளேயே இருக்க வேண்டியதுதான். அதனால் நாங்கள் பாடம் நடத்தும்போது ஒரு கண்ணைக் கதவின் மேல் வைத்திருப்போம்.

பதினொன்றாம் வகுப்பு 'பி' பிரிவின் கதவு ஆடி மாதமே போய்விட்டது. அப்போது உள்ளே ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தவர் தர்மராஜ் சார். அவர் என் கணவர். வானொலிச் செய்தி எழுதுவது எப்படி என்ற பாடத்தைக் கைடைப் பார்த்து வரி விடாமல் வாசித்துக்கொண்டிருந்தாராம். தங்கமான மனிதர். ஆனால் அவர் வாசிக்க ஆரம்பித்தால் எறும்புகூட வரிசையை விட்டு விலகிப் போகும். வகுப்பு முழுவதும் அவரோடு உள்ளேதான் இருக்கிறது. கூரைக்குக் கீழே இருக்கிற, ஆள் நுழைய முடியாத வென்டிலேட்டர் வழியாகச் சாப்பாட்டைக் கயிற்றில் கட்டி இறக்குகிறோம். அந்த வென்டிலேட்டருக்குக் காது கேட்காது. அதனால் எந்தப் பாடத்துக்கும் அது எழுந்து போனதில்லை.

அந்த வகுப்பின் வருகைப்பதிவு நூற்றுக்கு நூறு என்று தலைமையாசிரியர் பிச்சையா சார் காலைக் கூட்டத்தில் அறிவித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அன்று வீட்டுக்குப் போய், அவர் கழற்றிப் போட்டிருந்த செருப்பைப் பார்த்து அழுதேன். மழைக்கு வேறு செருப்பு போட்டுப் போயிருந்தார். குடையும் எடுத்துப் போயிருந்தார். குடை கதவின் ஆணியில் மாட்டியிருந்ததால் கதவோடு அதுவும் போய்விட்டது.

இடைவேளையில் அந்தச் சுவரில் காதை வைத்து, "என்னங்க" என்று கூப்பிடுவேன்.

"பாடம் இன்னும் முடியல சுகிர்தா," என்பார். பிறகு, "ரசத்துல உப்புப் பத்தல," என்பார்.

நான் 'ஏ' பிரிவுக்கு ஆங்கிலம். அதே பாடங்கள் எனக்கும் காத்திருந்தன: செய்தி, விளம்பரம், ஊடகம். பயம்தான் என்னை நல்ல ஆசிரியை ஆக்கியது என்று சொல்ல வேண்டும். ஒரு மின்சாமான் கடையில் கெஞ்சி, ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வாங்கி வந்து, முன்பக்கம் சதுரமாக வெட்டித் தொலைக்காட்சி செய்தேன். பிள்ளைகள் முறை போட்டு அதற்குள் உட்கார்ந்து ஆங்கிலத்தில் செய்தி வாசித்தார்கள். டார்ச்லைட்டுக்குச் சாக்ஸ் மாட்டினால் மைக். பிச்சையா சார் ஒரு மாணவனுக்குப் பரிசு கொடுக்கிற புகைப்படத்தை ஓரம் வெட்டிக் காட்டினேன். வெட்டிய பிறகு அவனை அவர் அறையப் போவதுபோல் இருந்தது. படத்தை எங்கே வெட்டுகிறோம் என்பதில்தான் செய்தி இருக்கிறது என்று சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். ஜன்னல்களும் கண்ணாடி அதிரச் சிரித்தன.

சாமான்களின் ருசி எனக்குப் பிடிபட்டிருந்தது. ஜன்னலுக்குச் செய்தி பிடிக்கும். மின்விசிறிக்குக் கதை. கரும்பலகைக்குப் படம் இருந்தால் போதும், குழந்தை மாதிரி. கதவுக்கு என்ன பிடிக்கும் என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. எவ்வளவு நல்ல பாடமானாலும் அதன் கொண்டி லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் எனக்குத் தூக்கத்திலும் கேட்கும்.

கார்த்திகையில், மாவட்டத்திலிருந்து மரகதவல்லி என்ற அலுவலர் ஆய்வுக்கு வருவதாகத் தகவல் வந்தது. பிச்சையா சார் என்னைக் கூப்பிட்டார்.

"உங்க வகுப்புதாம்மா மாதிரி வகுப்பு. விளம்பரப் பாடத்த எடுங்க. மேடத்துக்குப் புடிச்சுப்போச்சுன்னா 'பி' பிரிவுக்குப் புதுக் கதவு சாங்ஷன் பண்ணிருவாங்க. நான் பேசிட்டேன்."

"கண்டிப்பா எடுக்கறேன் சார்," என்றேன்.

"ஒத்திகை பாத்துக்கங்க. நம்ம வழக்கம் தெரியும்ல?"

தெரியும். ஆய்வு என்றால் எங்கள் பள்ளியில் பாடத்தை முன்கூட்டியே நடத்திப் பார்த்துவிடுவோம். எந்தக் கேள்வி, யார் பதில், எங்கே சிரிப்பு, எல்லாம் முடிவாகிவிடும். கேள்வி கேட்டதும் வகுப்பே கையைத் தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. வருகிறவர்களுக்குக் கைகள் மட்டும்தான் தெரியும். நாங்கள் வலது கையாகப் பார்த்து எழுப்புவோம்.

"சார், ஒத்திகைய கதவும் கேக்குமே," என்றேன்.

"கேட்டா கேட்டுட்டுப் போவுது. பழகுன பாடம் பிசகாதும்மா."

புதுக் கதவு ஆசை கண்ணை மறைத்தது. மறுபடி மறுபடி ஒத்திகை பார்த்தோம். ஒவ்வொரு ஒத்திகையிலும் கதவு அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

ஆய்வு நாளன்று காலையில் நான் சாம்பார் சாதம் கட்டி எடுத்துப் போனேன். வகுப்பு முடிந்ததும் வென்டிலேட்டர் வழியாக அவருக்கு இறக்கலாம் என்று டிபன் பாக்ஸை மேசையிலேயே வைத்திருந்தேன். மரகதவல்லி மேடம் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பிச்சையா சார் வராந்தாவில் நின்றுகொண்டார்.

ஒரு சோப்பு விளம்பரத்தைக் காட்டிப் பாடத்தைத் தொடங்கினேன். முதல் கேள்விக்கு எல்லாக் கைகளும் எழுந்தன. மேடத்தின் முகம் மலர்ந்தது. இரண்டாவது கேள்வியில் இரண்டு ஜன்னல்களும் போயின. அறை இருட்டியதால் பிள்ளைகள் விளக்கைப் போட்டார்கள். சிரிக்க வேண்டிய இடம் வருவதற்குள் மின்விசிறியும் கரும்பலகையும் போய்விட்டன. கொண்டி ஆடுகிற சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. பாடத்தை மாற்றிவிடலாமா என்று நினைத்தேன். மாற்றினால் யார் வலது கை தூக்குவார்கள்? வாய் தன் போக்கில் ஒத்திகை பார்த்ததையே சொல்லிக்கொண்டு போனது. பிள்ளைகள் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே கதவு போய்விட்டது.

அங்கே சுவர் இருந்தது. ஏற்கெனவே சுவரில் எழுதியிருந்த பொன்மொழி அந்த இடத்திலும் தொடர்ந்து ஓடியது.

புதுக் கதவும் போயிற்று, இருந்த கதவும் போயிற்று. இனி அவருக்குச் சோறு இறக்க வெளியே யார் இருக்கிறார்கள்? அவருக்கு எவ்வளவு உப்புப் போட வேண்டும் என்று யாருக்குத் தெரியும்?

"அடுத்த செயல்பாடு என்ன?" என்று மேடம் கேட்டார்.

ஒத்திகைப்படி அடுத்தது, மாணவர்கள் சோப்புக்கு விளம்பரம் எழுதுவது. "கதவுக்கு விளம்பரம் எழுதறது, மேடம்," என்றேன்.

பிள்ளைகள் குழுவாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். முதலில் எழுதியவன் இசக்கிராஜா. பதினொன்று 'ஏ' பிரிவுக்குக் கதவு தேவை, தேக்கு மரம், முன் அனுபவம் வேண்டும் என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதியிருந்தான்.

"இது நமக்கு என்ன வேணும்னு சொல்லுது," என்றேன். "விளம்பரம்னா வர்றவங்களுக்கு என்ன வேணுமோ அதைச் சொல்லணும். கதவுக்கு என்ன வேணும்?"

யாரும் கையைத் தூக்கவில்லை. இது ஒத்திகை பார்க்காத கேள்வி.

கொஞ்ச நேரம் கழித்து நஸ்ரின் எழுந்தாள். அட்டைத் தொலைக்காட்சியில் நன்றாகச் செய்தி வாசிக்கிறவள். "மிஸ், க்ளாஸ் நடக்கறப்ப கதவ தொறந்து வைப்போம்ல. அப்ப அதோட உள்பக்க மூஞ்சி சுவத்தோட ஒட்டிக் கெடக்கும். பாவம், அதுக்கு ஒண்ணுமே தெரியாது. காதுல மட்டும்தான் கேக்கும்."

"ஆனா நாம அதையேதான பாத்துக்கிட்டு இருப்போம்," என்றான் இசக்கிராஜா.

"அதப் பாக்கல. எப்ப பெல்லடிக்கும், அது வழியா எப்ப ஓடலாம்னு பாக்கறோம்."

இத்தனை வருடம் கதவின் மேல் ஒரு கண் வைத்திருந்தேனே, அதுவும் அப்படிப்பட்ட கண்தான். எனக்கு வெட்கமாக இருந்தது.

எல்லாரும் சேர்ந்து எழுதினோம். ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் இதுதான்: 'கதவே, இங்கே உன் வழியாக ஓட யாருக்கும் அவசரமில்லை. முதல் பெஞ்சில் உனக்கு இடம் போட்டிருக்கிறோம். வா, வந்து உட்கார்ந்து பாடம் கேள்.'

மேடம் வாங்கிப் படித்தார். "விளம்பரத்துல பொய் இருக்கலாமா?"

"கொஞ்சம் இருக்கும், மேடம்."

இரண்டு பேர் தோளில் நஸ்ரின் ஏறி நின்று, எங்கள் அறை வென்டிலேட்டரில் வாயை வைத்து, வானொலிக் குரலில் விளம்பரத்தை வாசித்தாள். ஒருமுறை வாசித்தால் போதாது, விளம்பரம் என்றால் திரும்பத் திரும்ப வர வேண்டும் என்று சொன்னேன். தொண்டை கட்டும்வரை வாசித்தாள். வெளியே பிச்சையா சார், "குரல் ஏற்ற இறக்கம் பிரமாதம்," என்று சொன்னது கேட்டது.

மதியத்துக்கு மேல் சுவரில் யாரோ தட்டினார்கள். தட்டியது கதவு. சுவரில் கச்சிதமாகப் பொருந்தி நின்றது. எங்கள் கதவு நீலம், இது பச்சை. ஆணியில் ஒரு கறுப்புக் குடை தொங்கியது. நான் எழுந்து நின்றேன். அந்தக் குடையின் பிடியில் சிவப்பு நூல் சுற்றிக் கொடுத்தவள் நான்தான்.

அது 'பி' பிரிவின் கதவு. 'பி' பிரிவைத் தவிர அதற்கு வேறு எங்கும் திறந்து பழக்கமில்லை. தாழ்ப்பாளை நீக்கித் தள்ளியபோது அந்தப் பக்கம் அவர் கைடோடு நின்றிருந்தார். தாடி வளர்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் வாசிப்பை நிறுத்தினார். அவர் பாதிப் பாராவில் நிறுத்தி நான் பார்த்ததே இல்லை.

"வா சுகிர்தா," என்றார். "சாப்பாடு கொண்டாந்தியா?"

"சூடு ஆறிப்போச்சுங்க."

"கயித்துல வர்றப்ப இதவிட ஆறிருக்கும்."

நான் டிபன் பாக்ஸை அவர் கையில் கொடுத்தேன். அவர் விரல் என் விரலில் பட்டது. அத்தனை பேர் முன்னால் வேறென்ன செய்ய முடியும்? எனக்கு அது போதுமானதாக இருந்தது.

என் பின்னால் பிள்ளைகள் வரிசையாக உள்ளே வந்தார்கள். மேடம் வந்தார். எல்லாரும் வந்த பிறகு, கதவு சட்டத்தைவிட்டு இறங்கித் தானும் உள்ளே வந்தது. அது நின்ற இடத்தைச் சுவர் மூடிக்கொண்டது. விளம்பரத்தில் சொன்னபடி முதல் பெஞ்சில் இடம் விட்டோம். கதவு குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

"கதவப் பாக்காதீங்க," என்று பிள்ளைகளிடம் மெதுவாகச் சொன்னேன். யாரும் பார்க்கவில்லை. இரண்டு பிரிவுப் பிள்ளைகளும் நெருக்கி உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தார்கள். அப்படி ஒரு கவனத்தை நான் எந்த வகுப்பிலும் கண்டதில்லை. என் கணவர் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டார். உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நான் பாடம் எடுத்தேன். கைடு இல்லை, ஒத்திகை இல்லை. செய்தி எப்படிப் பிறக்கிறது, விளம்பரம் எப்படி ஆசை காட்டுகிறது, ஆசை காட்டியவர்கள் பிறகு சொன்ன சொல்லை எப்படிக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். கதவு முன்னால் சாய்ந்து கேட்டது. கொண்டி ஆடவே இல்லை. தூரத்தில் பள்ளி விடுகிற மணி அடித்தது. யாரும் தலையைத் திருப்பவில்லை. என் உள்ளங்கை வியர்த்து, சாக்பீஸ் ஈரமாகியிருந்தது.

பாடத்தின் முடிவில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். அதற்குள் வாயில் வந்துவிட்டது.

"வெளியே போற வழி யாருக்குத் தெரியும்?"

எல்லாக் கைகளும் எழுந்தன. நான் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். என் பிரிவுப் பிள்ளைகள், இடது கை. 'பி' பிரிவுப் பிள்ளைகள், இடது கை. என் கணவரும் இடது கையைத்தான் தூக்கியிருந்தார். அவர் வலது கையில் சாப்பாடு இருந்ததால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. கடைசி பெஞ்சில் மரகதவல்லி மேடம் 'முழுப் பங்கேற்பு' என்று குறித்துக்கொண்டார்.

முதல் பெஞ்சில் கதவும் கையைத் தூக்கியிருந்தது. நான் அருகே போய் நிதானமாகப் பார்த்தேன். இடது கைதான்.

"கையை இறக்கு," என்று சொல்லிவிட்டு, பாடத்தை முதலிலிருந்து தொடங்கினேன்.