பாட்டு முடியட்டும்

பாலசமுத்திரத்துத் தணிகாசலம் 1997-ஆம் ஆண்டு மாட்டுப்பொங்கலன்று காலையில் தன் வீட்டுக் கூடத்தில் போட்ட பாட்டு இன்னும் முடியவில்லை. இதை எழுதும்போது நாற்பத்தெட்டாவது விநாடி நடந்துகொண்டிருக்கிறது. பாட்டின் மொத்த நீளம் ஐந்து நிமிடம் பன்னிரண்டு விநாடி என்று, பொத்தானை அழுத்திய அன்றே பெட்டியின் முகப்பில் பச்சை எண்களில் காட்டியது. அதைப் பார்த்தவர்கள் ஊரில் இன்னும் ஏழெட்டுப் பேர் உயிரோடு இருக்கிறார்கள், வேண்டுமானால் கேட்டுக்கொள்ளலாம்.

முந்தின கோடையில் மாங்காய் நன்றாகக் காய்த்து நல்ல விலைக்கும் போயிருந்தது. மற்றவர்கள் போர் போட்டார்கள், டிராக்டர் வாங்கினார்கள். தணிகாசலத்துக்குப் பாட்டு என்றால் உயிர். வீட்டிலிருந்த டேப்ரெக்கார்டர் நாடாவைச் சிக்கலாக்கி மென்று துப்புவதையே தொழிலாக வைத்திருந்ததால், அவர் மனைவி செங்கம்மாவையும் கூட்டிக்கொண்டு ரேணிகுண்டாவுக்குப் போய், ஸ்டேஷன் எதிரே கங்கையா கடையில் ஒரு சீடி பிளேயர் வாங்கினார். அந்த மண்டலத்திலேயே முதல் சீடி பிளேயர் அதுதான். கூடவே ஒரு பாட்டுத் தட்டு இலவசம். அதன் மேல் பேரும் இல்லை, படமும் இல்லை. தட்டை எடுத்துப் பார்த்த செங்கம்மா தன் முகம் தெரியவே பொட்டைச் சரிசெய்துகொண்டாள். கிளம்பும்போது கங்கையா அவளிடம் ஒரே ஒரு எச்சரிக்கை சொன்னார்.

"புது மோட்டார்க்கா. தொந்தர பண்ணாதீங்க. அது பாட்டுக்குப் பாடும்."

செங்கம்மா தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் பெட்டியைக் கூடத்தில் மர ஸ்டூல்மேல் வைத்து, யாரும் அதைத் தொடக்கூடாது, தட்டக்கூடாது, பக்கத்தில் நின்று இருமக்கூடாது என்று கட்டளை போட்டாள்.

அந்தப் பொங்கலுக்கு அவளுடைய அக்கா தேன்மொழி குடிபாலாவிலிருந்து வந்திருந்தாள். சாப்பிட்டுவிட்டுச் சும்மா கிடக்காமல், தணிகாசலம் முதலில் பெண் பார்க்க வந்தது தன்னைத்தான் என்றும், தனக்கு வேறு இடம் முடிவாகிவிட்டதால் பெரியவர்கள் பேசித் தங்கையைக் கொடுத்தார்கள் என்றும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள். ஐந்து வருடம் குடும்பம் நடத்தியும் செங்கம்மாவுக்கு இது தெரியாது. ராத்திரி முழுக்க அவள் நெஞ்சு எரிந்தது. காலையில் தணிகாசலம் பாட்டுப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்ததுதான் தாமதம், எதிரே வந்து நின்றாள்.

"உங்க நைனா சொன்னாருன்னு என்னெ கட்டிக்கினியா, இல்ல புடிச்சிதான் கட்டிக்கினியா?"

தணிகாசலத்துக்குப் பொய் வராது. சொன்ன சொல்லையும் மாற்றமாட்டார். ஊரில் அவருக்கு இருந்த ஒரே கெட்ட பேர் இதுதான். அவர் பெட்டியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மறுபடியும் பெட்டியைப் பார்த்தார்.

"பாட்டு முடியட்டும், சொல்றேன்," என்றார்.

ஐந்து நிமிடம்தானே என்று செங்கம்மா அடுப்படிக்குப் போனாள். அங்கிருந்து கேட்டபோது தம்புரா ஒலித்துக்கொண்டிருந்தது. மறுநாளும் தம்புராதான். சித்திரையிலும் தம்புராதான். சுருதி இறங்கவில்லை, இழுக்கவில்லை, பெட்டி கெட்டுப்போனதற்கான அடையாளம் ஒன்றும் இல்லை. ஏழு மாதம் கழித்து ஆவணியில் பச்சை எண் பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்கு மாறியது. மூன்று வருடம் தம்புராவே பாடியது. அப்புறம் வயலின் வந்தது, அந்த வயலினில்தான் மகள் தரணி பிறந்தாள். கரண்ட் போனாலும் பாட்டு நிற்கவில்லை. மின்சார ஆபீசிலிருந்து வந்து பார்த்தவர் மீட்டரும் அதே நிதானத்தில் சுற்றுவதைக் குறித்துக்கொண்டு, மோர் குடித்துவிட்டுப் போனார்.

கூடத்தில் மற்றவையும் மெல்ல நடக்கத் தொடங்கின. அங்கே வைத்த இட்லி மாவு பொங்க நான்கு நாள் ஆனதால் செங்கம்மா அதை மாட்டுக் கொட்டகைக்கு மாற்றினாள். பூக்கூடையை மட்டும் கூடத்தில் வைத்தாள், மல்லிகை பத்து நாள் வாடாமல் இருந்தது. தணிகாசலம் தினமும் வலது காதைப் பெட்டிப் பக்கம் கொடுத்து உட்கார்ந்ததால் அவருடைய மீசையின் வலது பாதி நரைக்கவே இல்லை. இடது பாதி வயதுக்கு ஏற்றபடி வெளுத்தது. சவரம் செய்பவர் ஆரம்பத்தில் காரணம் கேட்டார், பிறகு பழகிவிட்டார்.

2008 புரட்டாசியில் ஒரு பெண் குரல் "ஆ" என்று எடுத்தது. நான்கு வருடம் அந்த "ஆ" நீடித்தது. அது தமிழ் ஆவா தெலுங்கு ஆவா என்று ஊர் இரண்டாகப் பிரிந்தது. பஸ் நிறுத்தத்தில் கைகலப்பு வரைக்கும் போயிற்று. மக்கள்தொகைக் கணக்கு எடுக்க வந்தவர், வீட்டில் பேசும் மொழி என்ற இடத்துக்கு வந்ததும் உள்ளே கேட்ட குரலையும் சேர்ப்பதா என்று தெரியாமல் திணறி, கடைசியில் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். 2012-இல் குரல் மூச்சு வாங்கியது, மூச்சு வாங்க மட்டும் ஐந்து மாதம். பக்கத்து வீட்டு எருமை அந்த ஐந்து மாதமும் பால் குறைத்தது. அப்புறம் மிருதங்கமும் சேர்ந்துகொண்டது. 2022-இல் மாவட்டத்தைப் பிரித்தார்கள். ரேணிகுண்டா திருப்பதி மாவட்டத்துக்குப் போயிற்று, பாலசமுத்திரம் சித்தூரிலேயே நின்றது. பாட்டு வாங்கிய இடம் ஒரு மாவட்டம், பாடுகிற இடம் இன்னொரு மாவட்டம் என்று ஆனது. பாட்டு அதைக் கண்டுகொள்ளவில்லை.

இவ்வளவு வருடமும் செங்கம்மா பொறுமையாக இருந்தாள் என்று சொன்னால் அது பொய். சமைத்தாள், களை எடுத்தாள், மாங்காய் பொறுக்கினாள், மகளை வளர்த்தாள், வைதாள், சிரித்தாள். ஆனால் ஒரு நாள்கூட அந்தக் கேள்வி இல்லாமல் அவள் தூங்கவில்லை. அவருக்குச் சோறு போடும்போதெல்லாம், அக்காவுக்குப் போட வேண்டிய சோறோ என்று ஒரு நினைப்பு கரண்டியில் வந்து உட்கார்ந்தது. பதில் மட்டும் தெரிந்தால் போதும், எதுவாக இருந்தாலும் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். இந்தத் தை முடிவதற்குள் பதில் வந்துவிடும், அடுத்த தைக்குள் வந்துவிடும் என்று எதிர்பார்த்தே ஐம்பதைத் தாண்டினாள்.

இந்த வருடம், சித்தூரில் வேலையிலிருக்கும் தரணி லீவுக்கு வந்தபோது, செல்போனில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒரு விநாடிக்கு ஏழு மாதம். பாட்டு முடியும் வருடம் 2179. செங்கம்மா அந்த எண்ணை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். அன்று அவளுக்கு வந்த கோபத்தை எழுத்தில் அடக்க முடியாது. கட்டின புடவையோடு பஸ் ஏறி, புத்தூரில் மாறி, ரேணிகுண்டாவில் இறங்கினாள்.

கங்கையா கடையில் இப்போது செல்போன் உறைகள் தொங்கின. அவருக்குப் பெட்டியும் நினைவிருந்தது, செங்கம்மாவும் நினைவிருந்தாள். முதல் பாட்டே இன்னும் ஓடுகிறது என்று கேட்டு அவர் ஆச்சரியப்படவில்லை. வாரண்டி ஒரு வருடம், பெட்டிக் கணக்குப்படி ஐம்பது விநாடிகூட ஆகவில்லை, அதனால் செல்லும் என்றார். ஆனால் பழுது ஒன்றும் இல்லையாம். யாராவது தொந்தர பண்ணினார்களா என்று கேட்டார். இருபத்தெட்டு வருடமாக ஒருத்தரையும் கிட்டே விடவில்லை என்று செங்கம்மா பெருமையாகச் சொன்னாள்.

கங்கையா தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தப் பக்கத்தில் ஒரு வாக்கியம் தமிழில் கிளம்பி நடுவில் தெலுங்குக்குப் போய்த் திரும்பி வரும். எந்தச் சொல் எந்தப் பாஷையில் நிற்கிறது என்று யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. செங்கம்மா காதில் விழுந்தது தமிழ்த் தொந்தரவு. கங்கையா சொன்னது தெலுங்குத் தொந்தர, அதாவது அவசரம். புது மோட்டாரை முதல் நாளே அவசரப்படுத்த வேண்டாம் என்பதுதான் அவர் சொன்னது. அது அன்றோடு முடிகிற எச்சரிக்கை. நீங்கள் அவசரமே இல்லை என்று விட்டதால் அது நிதானமாகப் பாடுகிறது, அவ்வளவுதான் என்றார். பிறகு ஒரு பில்லின் பின்பக்கம் இரண்டு அம்புக்குறி வரைந்து காட்டினார்.

"இந்தப் பட்டனு ஒத்துங்கக்கா. ரெண்டு நிமிசத்துல முடிச்சிரும்."

சாயங்காலம் செங்கம்மா வீட்டுக்குள் நுழைந்தபோது தணிகாசலம் வழக்கமான நாற்காலியில் வழக்கமான காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே பெட்டியிடம் போய், இரட்டை அம்பின்மேல் விரலை வைத்தாள். தொந்தர என்றால் என்னவென்று சொன்னாள். இரண்டு நிமிடத்தில் பாட்டு முடியும், பதிலைத் தயாராக வைத்துக்கொள் என்றாள்.

தணிகாசலம் எழுந்து நின்றார். அவர் அவ்வளவு பயந்து செங்கம்மா பார்த்ததில்லை.

"அன்னிக்கே அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருந்தா, புடிச்சி கட்டிக்கலன்னுதான் சொல்லியிருப்பேன் செங்கம்மா."

செங்கம்மாவுக்கு அழுகை வந்தது. இதுதான் என்று அவளுக்கு எப்போதுமே தெரியும் போலவும், இப்போதுதான் முதல் தடவை கேட்பது போலவும் இருந்தது. விரலை மட்டும் எடுக்கவில்லை.

"அப்ப எப்ப மாறிச்சி?" என்றாள்.

தணிகாசலம் பெட்டியைக் கேட்டுச் சொல்பவர்போல் கொஞ்சம் யோசித்தார். "புல்லாங்குழல் வந்துச்சே, அந்த வருஷம். மரத்துலேர்ந்து வுழுந்து காலு முறிஞ்சி கெடந்தேன். நீ என்னெ முதுகுல தூக்கிக்கினு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே. வழியெல்லாம் திட்டிக்கினே வந்தே. எறங்கறதுக்கு எனக்கு மனசு வரல."

புல்லாங்குழல் பன்னிரண்டாவது விநாடி. செங்கம்மா மனதுக்குள் கணக்குப் போட்டாள். ஒழுங்கான வீட்டில் ஒழுங்கான பெட்டி வாங்கியிருந்தால், பாட்டு முடிந்து, பதில் வந்து, அன்று மத்தியானமே பையைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போயிருப்பாள். தரணி பிறந்திருக்கமாட்டாள். மரத்திலிருந்து விழுந்தவரைத் தூக்க ஆள் இருந்திருக்காது. ஒரு பாஷையில் காது மாறிக் கேட்டதில் ஒரு குடும்பமே நடந்துவிட்டது.

விரலை எடுத்தாள். "சரி, இப்ப கேக்கறேன். இப்ப சொல்லு," என்றாள்.

"பாட்டு முடியட்டுமே," என்றார் தணிகாசலம்.

"முடியட்டும்," என்றாள் செங்கம்மா. வெளியே போய்ச் செருப்பை விட்டுவிட்டு, அடுப்படியிலிருந்து இன்னொரு நாற்காலியைத் தூக்கி வந்து பெட்டியின் மறுபக்கம் போட்டு உட்கார்ந்தாள். மிருதங்கத்தில் அடுத்த அடி ஆடி பிறந்த பிறகு விழும் என்று வீட்டில் எதிர்பார்க்கிறார்கள்.