நீலம் ஒட்டும் மேடுகள்

லேத் என்ற கடைசல் எந்திரத்தை மேசையோடு பிணைத்திருந்த நான்கு மரைகளில் இரண்டைக் கழற்றிவிட்டு, மூன்றாவதில் திருகுசாவியை மாட்டினார் கென்னத். வில்ஃப்ரெட்டைத் தகனம் செய்து இரண்டு மணி நேரம் ஆகவில்லை. கறுப்புக் கோட்டு கென்னத்தின் உடம்பில் இருந்தது. கறுப்பு டை கழுத்தில் இருந்தது. துக்கம் மட்டும் வில்ஃப்ரெட்டின் பட்டறைக் கொட்டகைக்கு வெளியே நின்றுவிட்டது.

"நார்மன், அந்தப் பக்கம் புடிச்சுக்கப்பா. சாஞ்சுதுன்னா போச்சு."

வாசலில் நின்ற வில்ஃப்ரெட்டின் மகள் ஹேசல் முகம் சுளித்தாள். அப்பாவின் பெயரைச் சொல்லிப் பன்றிக்கறி ரொட்டியும் தேநீரும் உண்டவர்கள், உதட்டிலிருந்த வெண்ணெயைத் துடைக்காமலே அப்பாவின் பெயரைச் சொல்லி இதையும் தூக்கிப்போக வந்துவிட்டார்கள். உறுப்பினர் இறந்தால் அவர் மேம்படுத்திய எந்திரம் கழகத்துக்கு என்பது இங்கிலாந்தின் யார்க்ஷையர் மலைச்சரிவிலுள்ள அந்தச் சிறு எந்திரக் கழகத்தின் ஐம்பதாண்டு வழக்கம். எழுதிய சட்டம் இல்லை. எதிர்த்துக் கேட்ட விதவையும் இல்லை.

அம்மா டோரீன் ஹேசலை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"கென்னத், அத விட்டுட்டுப் போங்க. வேலை இன்னும் முடியல."

"இனிமே யாரும்மா முடிக்கப் போறா? சனிக்கிழமை கண்காட்சி. பித்தளையில பேரு வெட்டியாச்சு. நம்ம வில்ஃப்ரெட்டுக்கு ஒரு மரியாதை வேணாமா?"

சாப்பாட்டு மேசையில் பாதி நீளங்கூட இல்லாத லேத் அது. இருபது ஆண்டுகளுக்கு முன் தபாலில் வந்தபோது, இரும்பைக் கடையச் சொன்னால் நடுங்கும். மோட்டாரை மாற்றினார் அப்பா, உருளைகளை மாற்றினார், கைப்பிடிகளை மாற்றினார். அதில் அவர் கடைந்தவை எல்லாம் அதிலேயே பூட்டப்பட்டன. அம்மா கேட்ட மாடிப்படிக் கைப்பிடிக்கு ஒரு திருகாணிகூட அதிலிருந்து வரவில்லை.

லேத்தின் வெட்டுளி சறுக்கி ஓடும், கழற்றி வைத்திருந்த தட்டை நார்மன் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். இரும்பைச் சமமாக்கக் கையால் சுரண்டிய தடங்கள், மீன்செதில்போல் ஆயிரம்.

"யப்பா! இந்தச் சுரண்டலப் பாரு கென்னத். மயிரிழை மேடுகூட இல்ல."

"அதான் வில்ஃப்ரெட்! டீக்கோப்பையப் புடிச்சா பாதி டீ தரையில. சுரண்டியப் புடிச்சா அந்த நடுக்கம் அப்படியே நின்னுடும். அதுக்கெல்லாம் பொறக்கணும்டா."

ஹேசல் நிமிர்ந்தாள். இரண்டு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் அப்பாவுக்குச் சட்டைப் பொத்தான் போட்டவள் அவள். எதைப் பிடித்தாலும் அந்தக் கை நின்றதில்லை.

"அது அவர் கை இல்ல," என்றாள் டோரீன். "என் கை."

நார்மன் சிரித்தார். கென்னத் இரங்கினார்; அந்த இரக்கம் சிரிப்பைவிட அருவருப்பாக இருந்தது. "துக்கத்துல இப்படியெல்லாம் தோணும்மா. என் தங்கச்சியும் அவ புருஷன் போனப்ப என்னென்னமோ பேசினா. போய் ஒரு வாய் டீ குடி."

ஹேசல் அம்மாவின் விரல்களைப் பார்த்தாள். காலையில்தான் அவற்றைத் தூரிகையால் தேய்த்து, 'சாவு வீட்லயும் இந்த அழுக்காம்மா' என்று கடிந்திருந்தாள். நகக்கண்களில் தேய்த்தும் போகாத நீலம். சமதளப் பலகையில் பூசித் தட்டைத் தேய்த்தால், மேடுகளில் மட்டும் ஒட்டுமே, அந்த நீலம்.

"எத்தனை வருஷமா?"

"ஆறு."

"ஏம்மா சொல்லல?"

"கழகத்துல சிரிப்பாங்கன்னாரு."

சென்ற ஆண்டு இதே சுரண்டலுக்குத்தான் கழகம் வெள்ளிக் கோப்பை கொடுத்தது. மேடையில் அப்பா அதை இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டார். தேநீர் போட்டுத் தந்த மனைவிக்கு நன்றி என்றார். கூடம் கைதட்டியது. ஹேசலும் தட்டினாள்.

பிறர் உழைப்பைத் தின்ற வாய்களைப் பார்த்து முகம் சுளித்திருந்தவள், முதல் கவளத்தை எடுத்த வாய் எது என்று கண்டுகொண்டாள். அந்த வாயைத்தான் காலையில் சவப்பெட்டிக்குள் குனிந்து முத்தமிட்டிருந்தாள்.

"மரைய மாட்டுங்க," என்றாள்.

"ஹேசல், சனிக்கிழமைக்கு..."

"கழட்டின ரெண்டையும் மாட்டுங்க கென்னத்."

டோரீன் எதையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. நார்மனிடமிருந்து தட்டை வாங்கிக்கொண்டாள். பலகையில் நீலப்பசையை விரலால் மெல்லியதாக இழுத்துப் பரப்பினாள், தட்டைக் கவிழ்த்து எட்டு வடிவில் தேய்த்தாள், நிமிர்த்தினாள். நான்கு இடங்களில் நீலம். கறுப்பு உடையின் கைகளை முழங்கைவரை சுருட்டிக்கொண்டு, சுரண்டியின் பிடியை இடுப்பில் முட்டுக்கொடுத்து முதல் மேட்டில் வைத்தாள். கை நடுங்கவில்லை. இரும்பு, மாவுபோல் உதிர்ந்தது.

நார்மன் குனிந்து பார்த்தார். பிறகு நீலப்பசையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். கென்னத் கழற்றிய மரைகளைத் தேடுவதுபோல் மேசையடியில் குனிந்து, வெகுநேரம் நிமிரவில்லை.

டோரீன் இரண்டாவது மேட்டுக்குப் போனாள், கண்ணைச் சுருக்கினாள், தலையைச் சாய்த்தாள்.

தான் வாசல் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நிற்பது தெரிந்து, ஹேசல் ஓரடி விலகி நின்றாள்.