பால் டின்னில் சப்பாத்திக் கள்ளி

அசாம் ஜாவா ஊர்ப்பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தவன் தனபாலன். பழக்குலை ஏற்றும்போது லோரி மேலேயிருந்து தவறி விழுந்து முதுகெலும்பு நொறுங்கியது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லை, இனி நடக்கமாட்டான் என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். மனைவி அமராவதி அதை நம்பவில்லை. நம்பிவிட்டால் விடிகாலையில் எழுந்து பெரட்டில் பேர் கொடுத்துத் தோட்ட வேலைக்குப் போக அவளால் முடியாது.

படுத்துக் கிடந்தவனுக்குக் கள்ளிப் பித்துப் பிடித்தது. செகிஞ்சானில் ஒரு சீனர் வீட்டு வாசலில் மஞ்சளாகப் பூத்து நின்ற சப்பாத்திக் கள்ளியை லோரி ஓட்டிய நாளில் பார்த்திருந்தான். அவள் போய்க் கேட்டு மடல்கள் வாங்கி வந்தாள்.

“ஒடனே நட்டா அழுகிரும் புள்ள. வெட்டுன எடம் காஞ்சு தோலு கட்டணும். அப்புறந்தான் டின்னுல மணலப் போட்டுச் சொருகணும். வேர் விடுற வரைக்கும் தண்ணி காட்டக் கூடாது லா,” என்றான் தனபாலன்.

முதலில் நட்டவை சாரல் பட்டு அழுகின. அவன் சளைக்கவில்லை. மிச்ச மடல்களைப் பேப்பரில் பரப்பி மடியிலேயே காயவைத்தான். காலில் எறும்பு ஊர்வது போலிருக்கிறது என்று அப்போதுதான் சொல்ல ஆரம்பித்தான். அமராவதி மாரியம்மனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டாள். கண்பட்டுவிடுமென்று பக்கத்து வீட்டு வேலம்மாவிடம்கூட மூச்சுவிடவில்லை.

ஒரு மத்தியானம் வேலை முடிந்து வந்தவளிடம், “இன்னிக்கி நல்லாவே ஊருது அமரா,” என்றான். முகமெல்லாம் சிரிப்பு.

உடம்பு துடைத்துவிடக் கைலியை விலக்கினாள். பேப்பரிலிருந்து நழுவிய மடலொன்று தொடைக்கடியில் அழுந்திக் கிடந்தது. சதை வீங்கிச் சிவந்திருந்தது. நீள முட்கள் இறங்கிய இடத்தில் ரத்தம் உறைந்திருந்தது.

“என்ன பாக்குற?”

“ஒண்ணுமில்லீங்க.”

கையை ஊன்றி எழும்பி அவனும் பார்த்தான்.

“எப்ப விழுந்துச்சு இது?”

அவள் முள்வாங்கியை எடுத்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். அவன் தொடையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணுக்குத் தெரியாத சுணை அவள் விரல்களில் ஏறி எரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“வலிக்குதா ஒனக்கு?”

“ஆமாங்க.”

“குடுத்து வச்சவ,” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அன்று அவன் சாப்பிடவில்லை. அதன்பிறகு மடல்களைத் தொடவுமில்லை. அவை காய்ந்து தோல் கட்டியதும் அவளே ஒரு பால் டின்னில் மணலை நிரப்பி, ஒன்றைச் சொருகி, அவன் கண்ணெதிரே நீட்டினாள்.

“இவ்வளவு ஆழம் போதுமாங்க?”

எறும்பு ஊர்கிறது என்று அப்புறம் அவன் சொல்லவே இல்லை. அவளும் கேட்கவில்லை.