போனபடி வருகிறவள்

"தாலியக் கழட்டி முடிஞ்சு வெச்சுக்கம்மா. பொட்டையும் அழிச்சுடணும்" என்று மேக்கப்காரர் மெஹபூப் அலி வெள்ளைப் புடவையை நீட்டியபோது, சொர்ணம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். கோடம்பாக்கத்து ஸ்டுடியோவில் மூன்று வருஷமாக மண் கூடை சுமக்கிறவள். பேயாக நடிக்க வேண்டிய அம்மாளுக்குக் காய்ச்சல் என்று, உயரத்தைப் பார்த்து இவளை அன்று காலையில்தான் பிடித்து நிறுத்தியிருந்தார்கள். மாட்டேன் என்றால் நாளையிலிருந்து கூடையும் இல்லை. ஆனால் புருஷன் சேட்டு பெரியாஸ்பத்திரியில் ரத்தமாகத் துப்பிக்கொண்டு கிடக்கிறான். இந்த நேரத்தில் கழுத்தை வெறுமையாக்கி வெள்ளை கட்டினால், தன் கையாலேயே அவனுக்குக் குழி வெட்டின மாதிரி.

டைரக்டர் சிதம்பரநாதன் எரிச்சலோடு வந்தார். அவர் கவலை அவருக்கு. கதாநாயகன் வைரவன் நாடக மேடையில் வளர்ந்தவர். பயப்படச் சொன்னால் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி அலறுவார்; முகம் மட்டும் சும்மா இருக்கும். காலையிலிருந்து ஏழு தடவை அலறியாயிற்று.

"இன்னும் என்னம்மா?"

"பேயா வர்ற பொண்ணு எப்டி சார் செத்துச்சு?"

"புருஷன் கிணத்துல தள்ளிட்டான்."

"அவன் உசுரோட கீறானா?"

"அவன்தானே உள்ள கத்திக்கிட்டிருக்கான்!"

"அப்போ சுமங்கலி சார். அவளுக்கு எவன் வெள்ள கட்டுவான்? மஞ்சத் தண்ணி ஊத்தி, பூ வெச்சு, செவப்புச் சீல கட்டிதானே தூக்குவாங்கோ? போன மாரிதானே திரும்பி வருவா?"

மெஹபூப் அலி சிரிப்பை அடக்கினார். "கறுப்பு வெள்ளைப் படத்துல மஞ்சளும் செவப்பும் எங்கம்மா தெரியப்போகுது?" என்றார் டைரக்டர்.

"சினிமாக் கொட்டாயில குந்திக்கினு பாக்கறவனுக்குத் தெரியாது சார். எதுக்க நிக்கிறவருக்குத் தெரியுமே."

சிதம்பரநாதன் வெள்ளைப் புடவையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "அலி, அவ சொல்றபடி கட்டி விடுங்க. வைரவன்கிட்ட வாயத் தொறக்காதீங்க."

விளக்குகள் எரிந்தன. சொர்ணம் கதவைத் திறந்துகொண்டு, வேலை முடிந்து வீட்டுக்குள் வருகிறவளைப்போல் நடந்தாள். ஈர மஞ்சள் முகம், தலை நிறையப் பூ, வெளியே எடுத்துவிட்ட தாலி. வைரவன் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. வேட்டி நுனியை அவர் இரண்டு கையாலும் சுருட்டிப் பிடித்துக்கொண்டதைப் பார்த்ததும் சொர்ணத்துக்குப் பாவமாகிவிட்டது. 'பயப்படாத நைனா' என்று சொல்லலாம் என்றால், பேய்க்கு வசனம் கிடையாது. அதனால் அவரைப் பார்த்து மெல்லச் சிரித்தாள்.

அவர் பின்னால் போனார், இன்னும் ஓரடி, இன்னும் ஓரடி. முதுகு இடித்ததும், சுவர் என்று வரைந்திருந்த துணி முழுவதும் மேலிருந்து கீழ்வரை அலையடித்தது.